8 லட்ச ரூபாய்க்கு ஒரு கடற்கரையைக் காப்பாற்ற முடியுமா? வடசென்னைக்கு எட்டாத சிறு நிதிகள்

2025 ஜனவரியில் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. அந்தப் படங்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, மணலில் கவிழ்ந்து கிடந்த ஆமைகள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அமைச்சர்கள், அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். கரையோர ரோந்து அதிகமானது.

சரி, ஒரு சின்ன கேள்வி. இந்த ஆயிரம் என்ற எண்ணிக்கையை எண்ணியது யார்?

ராத்திரி இரண்டு மணிக்கும் விடியற்காலையிலும் டார்ச் லைட்டோடு கரையில் நடக்கிறவர்கள்தான். வனத்துறை ஊழியர்கள் கொஞ்சம், தன்னார்வலர்கள் நிறைய. நடக்க மணல் இருக்கும் இடத்தில்தான் அவர்கள் நடக்கிறார்கள். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரைப் பக்கம் இதற்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. துறைமுகத்தைத் தாண்டி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போனால் கதை வேறு. அங்கே பாதிக் கரை பாறாங்கல். கல்லில் ஆமை முட்டையிட முடியாது. செத்த ஆமை அந்தக் கற்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டால் யாரும் எண்ணப் போவதும் இல்லை.

ஆக, நம்மிடம் இருக்கும் எண்ணிக்கை கண்ணில் பட்ட ஆமைகளுடையது மட்டும்தான். கடலில் சாகும் ஆமைகளில் கொஞ்சம்தான் கரைக்கு வரும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அப்படி வருவதிலும் எண்ணப்படாதவை உண்டு. இந்த ஓட்டையை அடைக்க எவ்வளவு பணம் வேண்டும்? கோடிகள் தேவையே இல்லை. சில லட்சங்கள் போதும். அந்தச் சில லட்சங்களைக் கொடுப்பதற்கென்றே உலகத்தில் சில அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பணம் எண்ணூர் வரை வருவதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிறு நிதி என்றால் என்ன?

வளரும் நாடுகளில், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைப் பற்றிக் களத்தில் வேலை செய்ய நினைக்கும் இளைஞர்களுக்குக் கொடுக்கப்படும் சின்னத் தொகை. பெரிய என்ஜிஓ வேண்டாம், பேராசிரியர் பதவி வேண்டாம். ஒரு உருப்படியான கேள்வி, அதற்கு ஒரு திட்டம், உங்களை நம்பிப் பரிந்துரைக்க இரண்டு மூன்று பேர். இவ்வளவு இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

இதில் அதிகம் பேசப்படுவது பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை. முதல் முறை கொடுப்பது சில ஆயிரம் பவுண்டுகள்தான். காலப்போக்கில் 5,000 பவுண்டிலிருந்து 7,000 பவுண்டு வரை உயர்ந்திருக்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய். முதல் வேலையை ஒழுங்காக முடித்தால் அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், தொகையும் கூடும். நிதி பெற்றவரின் இறுதி அறிக்கை அவர்கள் தளத்திலேயே எல்லாரும் படிக்கும்படி வெளியாகும். இந்தியாவிலிருந்து நிறைய பேர் இதை வாங்கியிருக்கிறார்கள். இன்று வனவிலங்குத் துறையில் பெயர் சொல்லும்படி இருக்கும் பலருடைய பயோடேட்டாவில் முதல் வரவு இதுவாகத்தான் இருக்கும்.

கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம் இன்னொன்று. இளைஞர் குழுக்களுக்கு 15,000 டாலர் அளவில் கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை. இதற்கு நீண்ட காலம் பணம் போட்டது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். ஒரு காலத்தில் திட்டத்தின் பெயரே பிபி கன்சர்வேஷன் புரோகிராம்தான். எண்ணெய் மிதந்த முகத்துவாரத்தின் கரையில் நின்று இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பதா, முறைப்பதா என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

அபுதாபியின் முகமது பின் சயீத் நிதியம் ஒரு குறிப்பிட்ட உயிரினத்துக்காக 25,000 டாலர் வரை கொடுக்கிறது. ஐடியா வைல்டு என்ற அமெரிக்க அமைப்பு பணமாகத் தராமல் கேமரா, ஜிபிஎஸ், பைனாகுலர் போன்ற கருவிகளாகத் தருகிறது. இந்தியாவுக்குள்ளேயே இன்லாக்ஸ் அமைப்பு, ரவி சங்கரன் பெயரில் ஃபெல்லோஷிப்பும் சிறு நிதியும் கொடுக்கிறது. ரவி சங்கரன் கோவை ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்தவர். அந்தமான், நிக்கோபார் தீவுப் பறவைகளுக்காக வாழ்நாளெல்லாம் அலைந்தவர். 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது அதிகமில்லை.

சென்னையில் இது எப்படி ஆரம்பித்தது?

நம் ஊருக்கு இது புதுசு இல்லை. கடலாமைப் பாதுகாப்பு என்ற விஷயமே இந்தியாவில் வேர் பிடித்த இடங்களில் ஒன்று சென்னைக் கடற்கரை. 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்களும் ராத்திரியில் கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். நாய், நரி, மனிதர் எடுப்பதற்கு முன்னால் எடுத்துப் பாதுகாப்பாகப் புதைத்தார்கள்.

அந்த வட்டத்தில் இருந்தவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடி-யில் படிக்க வந்தவர் வகுப்பைவிடக் கடலையே அதிகம் பார்த்தார். படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போனார். டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியா போன்ற அமைப்புகள் கொடுத்த சின்னச் சின்னத் தொகைகளை வைத்துக்கொண்டு இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே நடந்தார். எங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற முதல் வரைபடம் பெரும்பாலும் அவர் காலால் எழுதியதுதான்.

1982-ல் லட்சத்தீவின் சுஹேலி என்ற ஆளில்லாத் தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாகத் தங்கினார். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பால் படகு போகாது. அதனால்தான் அந்தக் காலத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். 24 நாள் கழித்து இலங்கை மீனவர் ஒருவர் அதை எடுத்துத் தபாலில் அனுப்பி வைத்தார். 2023-ல் சதீஷ் பாஸ்கர் காலமானார். அவரைப் பற்றி 'டர்டில் வாக்கர்' என்ற ஆவணப்படம் வந்திருக்கிறது. கிடைத்தால் பாருங்கள்.

அடுத்த கதை மாணவர்களுடையது. அரசு நடத்திவந்த குஞ்சு பொரிப்பகம் நின்றுபோன நிலையில், 1988-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 'ஸ்டூடண்ட்ஸ் சீ டர்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் ராத்திரி நடை. எடுத்த முட்டைகளைக் கம்பி வேலிக்குள் மணலில் புதைப்பார்கள். ஒரு கூட்டில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். 45 முதல் 55 நாளில் பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். இவ்வளவுதான் வேலை. ஆனால் 35 ஆண்டுக்கும் மேலாக அது நிற்கவில்லை. தொடங்கிய மாணவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர், இந்தியாவின் முக்கியமான கடலாமை ஆய்வாளர்களில் ஒருவர். பெரிய நிதி எதுவும் இல்லாமல், செருப்பையும் டார்ச்சையும் மட்டும் வைத்து ஆரம்பித்த விஷயம் ஒரு துறைக்கே ஆள் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மாணவர்களால் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் ராத்திரி நடக்க முடிந்தது. காலையில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவர்கள் கையில் இல்லை. காசிமேட்டில் ஒரு 20 வயதுப் பையன் விடியற்காலையில் ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிறான். அவனிடம் போய் சும்மா நடக்க வா தம்பி என்று கூப்பிட முடியுமா? தென்சென்னையில் ஆமை நடை வளர்ந்து, வடசென்னையில் வளராமல் போனதற்கு மணல் மட்டும் காரணம் இல்லை. நேரமும் காசுதான்.

வடக்கே கரை எங்கே போனது?

மணல் கதையையும் சொல்லிவிடலாம், சுருக்கமாக. இந்தக் கடற்கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்தும். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் சுவர் நீட்டியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. அரிப்பு மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது. சாலையையும் குப்பங்களையும் காப்பாற்றக் கல் கொட்டினார்கள், பின்னர் கடலுக்குள் கல் நீட்டி தூண்டில் வளைவுகள் போட்டார்கள். மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிடும் மணலில் ஒரு பகுதி ராயபுரத்துக்குப் போக வேண்டியது என்று சொன்னால் மிகையில்லை.

எண்ணூருக்கு வந்தால் இன்னும் கடினம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம். அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை எல்லாம் ஒரே வட்டாரத்தில். 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை ஆட்கள் பக்கெட்டில் அள்ளியது நினைவிருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சிபிசிஎல் ஆலை வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தன. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு.

மிக்ஜாமுக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்த கேள்வி: என்ன அழிந்தது? எவ்வளவு? இதற்குப் பதில் சொல்ல, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். நவம்பர் மாதம் முகத்துவாரத்தில் எத்தனை கூழைக்கடா இருந்தது? ஒரு மணி நேரத்தில் கையால் தடவிப் பிடிக்கும் இறால் எத்தனை கிலோ? அலையாத்திச் செடிகளில் எத்தனை புதுக் கன்று? இதை மாதாமாதம் நோட்டில் எழுதி வைக்க ஒரு ஆள் இருந்தால், இழப்பீட்டுப் பேச்சில் அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பே தனி. இல்லாவிட்டால் மீனவர் வாய்ச்சொல் ஒரு பக்கம், கம்பெனி வக்கீல் காகிதம் ஒரு பக்கம். எது நிற்கும் என்று சொல்ல வேண்டுமா?

சிறு நிதியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஆபத்து வந்த பிறகு வருகிற பெரிய பணம், ஆபத்துக்கு முந்தைய கணக்கை வாங்கித் தராது.

காக்கா ஆழிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இந்த நிதிகளின் குறையையும் பேசிவிடுவோம். எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் போய் இன்று உங்கள் பெரிய பிரச்சினை என்ன என்று கேட்டால் பலர் சொல்வது காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வகைக் கருஞ்சிப்பி. கப்பல்களோடு வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆற்றின் அடியில் கம்பளம் விரித்த மாதிரிப் படர்கிறது. இறால் மண்ணுக்குள் புதைய இடமில்லை. நம்ம ஊர் மஞ்சள் ஆழி மூச்சு முட்டிச் சாகிறது.

இது அழிந்துவரும் உயிரினம் இல்லை, அழிக்கிற உயிரினம். மஞ்சள் ஆழியோ யாருடைய சிவப்புப் பட்டியலிலும் பெரிய எழுத்தில் இருக்கும் பிராணி இல்லை. புலி, ஆமை, பருந்து என்று படத்தில் அழகாக விழும் பிராணிக்கு நிதி கிடைப்பது சுலபம். சேற்றுக்குள் இருக்கும் சிப்பிக்கு விண்ணப்பம் எழுதுவது கஷ்டம். கெட்டிக்கார விண்ணப்பதாரர்கள் இதைப் பறவையின் பெயரில் எழுதுவார்கள். சிப்பி போனால் இரை போகும், இரை போனால் பறவை போகும் என்று. அதுவும் பொய் இல்லை. ஆனால் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியிருப்பதே நிதி கொடுக்கும் முறையில் உள்ள கோளாறு.

இன்னொரு குறை, ஒரு ஆண்டுக் கணக்கு. பணம் 12 மாதத்தில் தீரும். ஆமை முட்டையிடும் வயதுக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். விண்ணப்பம் எழுத மூன்று மாதம், அறிக்கை எழுத மூன்று மாதம் போனால் களத்துக்கு மிச்சம் எவ்வளவு? அதோடு, பல திட்டங்களில் கருவிக்குப் பணம் கேட்டால் தலையாட்டுவார்கள், கூட வேலை செய்யும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் புருவத்தைத் தூக்குவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளே இந்தத் துறையில் அதிகம் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

எண்ணூர் இளைஞர் விண்ணப்பித்தால் என்ன ஆகும்?

முதல் தடை, ஆங்கிலம். படிவம், கேள்வி, பட்ஜெட், பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில். நீரோட்டம் எந்தப் பக்கம், எந்த மாதத்தில் எந்தப் பறவை, எந்த இடத்தில் வலையில் ஆமை அதிகம் விழும் என்று தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ பிறந்த ஒருவருக்குத் தெரிந்த அளவு வெளியாருக்குத் தெரியாது. ஆனால் அதை 'மெத்தடாலஜி' என்ற தலைப்பின் கீழ் எழுதத் தெரிய வேண்டும். பரிந்துரைக்க விஞ்ஞானி வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மாணவிக்கு அப்படி எத்தனை விஞ்ஞானிகளின் போன் நம்பர் தெரிந்திருக்கும்?

இரண்டாவது தடை, சட்டம். வெளிநாட்டுப் பணம் என்றால் 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வரும். எஃப்சிஆர்ஏ என்றால் தெரியும். பதிவு பெற்ற அமைப்போ, முன் அனுமதி வாங்கியவரோதான் நன்கொடை வாங்கலாம். பதிவு வேண்டுமென்றால் அமைப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு வயதும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும். 8 லட்சம் வாங்குவதற்கு ஏற்கனவே 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும்! குப்பத்து இளைஞர் மன்றத்துக்கு இது நடக்கிற காரியமா?

2020 திருத்தம் இன்னும் இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. முன்பெல்லாம் ஒரு பெரிய அமைப்பு பணம் வாங்கிப் பத்துச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த வழி மூடப்பட்டது. கறுப்புப் பணம், உள்நோக்கம் என்று அரசு சொல்லும் காரணங்களை விவாதிக்கலாம். ஆனால் ஆமை எண்ணுகிற பையனுக்கும் அதே வலை என்பது சரியில்லை. சட்டத்தில் கல்வி உதவித்தொகை, ஸ்டைபெண்ட் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்களுக்கு வரும் தொகை அதில் சேருமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். பணம் வந்த பிறகு கேட்டால் லேட்.

மூன்றாவது, அனுமதி. பங்குனி ஆமை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கூட்டைத் தோண்டுவது, முட்டையைத் தொடுவது, செத்த ஆமையை அளப்பதற்காக நகர்த்துவதுகூட வனத்துறை அனுமதி இல்லாமல் செய்தால் சிக்கல். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பது பதில் ஆகாது. ஆய்வுக்கான அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை ஜனவரியில் தொடங்கி மே வரை, ஐந்து மாதம், உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் கரையைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய், பகுதிநேர வேலைக்கு. அது 1,20,000. பைக் பெட்ரோல் நாளுக்கு 200 வீதம் 120 நாளைக்கு 24,000. சிவப்பு விளக்கு ஹெட்லேம்ப், அளவு நாடா, ஒரு ஜிபிஎஸ், கையுறை, மழைக்கோட்டு 30,000. குப்பங்களில் நான்கு கூட்டம், டீ, அச்சு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 40,000. மொத்தம் 2,14,000.

ரஃபோர்ட் முதல் நிதியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதில் கிடைப்பது என்ன? எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை செத்த ஆமை, என்ன அளவு, ஆணா பெண்ணா, உடம்பில் வலைக் காயமா, படகு விசிறி வெட்டியதா. தூண்டில் வளைவுகளுக்கு இடையில் புதிதாக மணல் சேர்ந்த இடங்களில் ஆமை ஏறுகிறதா என்ற பதிலும் கிடைக்கும்.

மீதிப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை இன்னும் முக்கியமானது. கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. அவ்வப்போது மேலே வந்து மூச்சு எடுத்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை வலை மணிக்கணக்கில் நீருக்குள் போகும். உள்ளே மாட்டினால் மூழ்கித்தான் சாகும். 2025-ல் செத்தவை பெரும்பாலும் இப்படிப் போனவை என்பதுதான் ஆய்வாளர்கள், அதிகாரிகள் எல்லாரும் சொன்னது. இதற்குத் தீர்வாக வலைக்குள் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி இருக்கிறது. டெட் என்பார்கள். சாய்வாக நிற்கும் கம்பிச் சட்டம். மீனும் இறாலும் கம்பி இடுக்கு வழியாக உள்ளே போகும், ஆமை மோதி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே போகும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரியை வடிவமைத்திருக்கிறது.

ஆனால் படகுக்காரர்கள் போடுவதில்லை. மீனும் சேர்ந்து போய்விடும் என்ற பயம். டீசல் போட்டு, ஐஸ் ஏற்றி, ஆள் கூட்டிக்கொண்டு போகிறவரின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உண்மையில் எவ்வளவு மீன் போகிறது என்று காசிமேட்டுப் படகிலேயே, காசிமேட்டு ஓட்டுநரே நிறுத்துப் பார்த்தால்? நான்கு படகு, இரண்டு மாதம், ஒரு வலையில் டெட், ஒன்றில் இல்லை. இழப்பு ஏற்பட்டால் அந்தத் தொகையைத் திட்டமே கொடுத்துவிடும் என்று எழுதிக் கொடுத்துச் செய்யலாம். கொச்சியில் எடுத்த எண்ணை நம்பாதவர், மாமா பையன் நிறுத்த எண்ணை நம்புவார்.

டெட் இல்லை என்ற காரணத்துக்காக 2019-லிருந்து இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமையைக் காப்பாற்றாததால் வடசென்னை ஏலக்கூடத்தில் விலையும் அடிபடுகிறது என்பதைப் பல பேர் பேசுவதே இல்லை.

சட்டமும் ஏற்கனவே இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆமை முட்டையிடும் கரைகளை ஒட்டி 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதோ ஏப்ரல் 15-ல். ஆமைகள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரம் அது! மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தேதி என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆமைக்கு அந்த 61 நாளால் பெரிய லாபம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் இங்கேயே இல்லையா?

இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு சிங்கவால் குரங்கு, சென்னை முள்ளெலி, வரிக் கழுதைப்புலி, காவிரிப் படுகையில் வாழும் கூன்முதுகு மஹ்சீர் மீன் ஆகிய நான்குக்கும் சேர்த்து 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல விஷயம். குறிப்பாக முள்ளெலி. யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சின்னப் பிராணி அரசாணை வரை வந்ததற்குப் பின்னால், சிறு நிதியை வைத்துத் தென்மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் தேரிக்காடு சுற்றியவர்களின் உழைப்பும் இருக்கிறது. இது மாதிரி நிதியில் ஒரு பங்கை, தமிழில் விண்ணப்பிக்கக்கூடிய 2 லட்சம், 3 லட்சம் ரூபாய்த் தொகைகளாகப் பிரித்து, பட்டப்படிப்பு கேட்காமல் கொடுக்கலாம். உள்நாட்டுப் பணம் என்பதால் எஃப்சிஆர்ஏ தொல்லையும் இல்லை.

அப்புறம், மணலி முதல் காட்டுப்பள்ளி வரை வரிசையாக இருக்கும் கம்பெனிகள். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனம், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் பட்டியலிலேயே தாவரம், விலங்குப் பாதுகாப்பு இருக்கிறது. இப்போது அந்தப் பணத்தில் என்ன கண்ணில் படுகிறது? பஸ் ஸ்டாப் நிழற்குடை, ஸ்கூல் பெஞ்ச், மரக்கன்று நடும் போட்டோ. குறை சொல்லவில்லை, பெஞ்சும் வேண்டும்தான்.

எண்ணெய் கொட்டியவரிடமே எண்ணெயை அளக்கக் காசு வாங்குவதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் யாருக்குக் கொடுப்பது என்று கம்பெனி முடிவு செய்யக் கூடாது. பொன்னேரி மீன்வளக் கல்லூரி மாதிரி ஒரு பொது நிறுவனம் பணத்தை வைத்திருக்கட்டும். தேர்வுக் குழுவில் மீனவப் பஞ்சாயத்து ஆட்கள் இருக்கட்டும். எடுக்கும் தரவு எதுவாக இருந்தாலும், கம்பெனிக்கு எதிராகவே இருந்தாலும், ஆறு மாதத்தில் பொதுவில் வைக்கப்படும் என்று முதல் பக்கத்திலேயே எழுதட்டும். இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாத காசு வேண்டாம். அதை வாங்கி எண்ணுவதைவிட எண்ணாமலே இருந்துவிடலாம்.

இன்று என்ன செய்யலாம்?

நீங்கள் ஐடி வேலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களிடம் இருப்பதும் எண்ணூர் இளைஞரிடம் இல்லாததும் ஒன்று உண்டு: விண்ணப்ப ஆங்கிலமும் எக்செல்லும். ஒரு குப்பத்துக் குழுவோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, படிவத்தை நிரப்ப இரண்டு சனிக்கிழமை போதும். திட்டம் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் வேண்டாம்.

வடசென்னைக் கல்லூரி மாணவர் என்றால் நிதிக்குக் காத்திருக்காமல் பறவையில் தொடங்குங்கள். பறவையை எண்ண யார் அனுமதியும் வேண்டாம். இபேர்ட் ஆப் இலவசம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரே இடம், ஒரே நேரம், ஒரு மணி நேரம். முகத்துவாரத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதுங்கள். ஒரு ஆண்டு முடிந்ததும் அந்த 24 பட்டியல்தான் உங்கள் முதல் விண்ணப்பத்தின் பலம். நிதி கொடுக்கும் அமைப்புகள் பார்ப்பதும் அதைத்தான். ஏற்கனவே சும்மாவே செய்துகொண்டிருக்கிறாயா என்று.

விண்ணப்பம் போட்டால் பதில் வரச் சில மாதங்கள் ஆகும். வனத்துறை அனுமதிக்கும் அதே கதை. ஆமைகள் டிசம்பர் கடைசியிலேயே கரையை நெருங்கிவிடும். வரும் சீசனுக்குக் கரையில் நிற்க வேண்டுமென்றால் படிவத்தை இந்த வாரமே டவுன்லோட் பண்ணி வையுங்கள்.